ஐம்பது நிமிட வீடியோவைக் கழற்றி மாட்டிய கதை

"சார், அந்த ஸ்லிப்பு எத்தனாவது நிமிசத்துல வருதுங்க?"

இந்த ஒரு கேள்விதான் என் கோடை விடுமுறையைத் தின்றது. கேட்டவர் பகுதிநேர டிப்ளமோ மாணவர், பகலில் பவுண்டரியில் ஷிப்ட் வேலை. அவர் கேட்டது என்னுடைய மோட்டார் பாட வீடியோவைப் பற்றி (ஸ்லிப் என்பது மோட்டார் எவ்வளவு பின்தங்கிச் சுற்றுகிறது என்பதன் அளவு), அதுவும் நானே "எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம், உங்க வசதிதான்" என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்த வீடியோ. போனைத் திறந்து தேடினேன். முன்னும் பின்னும் இழுத்து இழுத்து, 37-வது நிமிடத்தில் கிடைத்தது. எடுத்த எனக்கே ஐந்து நிமிடம் பிடித்தது என்றால், பத்து நிமிட டீ இடைவேளையில் தேடுகிறவர் என்ன செய்வார்?

கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் எடுக்கிறேன். மாலை ஆறரைக்கு மேல் பகுதிநேர வகுப்பு. அதில் பாதிப் பேர் பம்பு கம்பெனி, பவுண்டரி, மோட்டார் ரீவைண்டிங் கடை என்று ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள். ஒரு வாரம் காலை ஆறு மணி ஷிப்ட், மறு வாரம் மதியம் இரண்டு மணி ஷிப்ட். இரண்டு மணி ஷிப்ட் வாரத்தில் வகுப்புக்கு வரவே முடியாது. அவர்களுக்காகத்தான் ஆன்லைன் பாடம், நேரத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும் பாடம் என்று பேர். கையில் இருந்தது என்ன என்று உட்கார்ந்து பார்த்தபோது: 2020 ஊரடங்கில் அவசரமாக எடுத்த 14 வீடியோக்கள், ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடத்துக்குக் குறையாமல், 400 எம்பி எடையில். பாமினி எழுத்துருவில் எப்போதோ தட்டச்சு செய்த நோட்ஸ், ஏ4 பிடிஎஃப்பாக. அப்புறம் அந்த நோட்ஸையே வெட்டி ஒட்டிய ஸ்லைடுகள். வகுப்பறையை அப்படியே தூக்கி இணையத்தில் வைத்திருந்தேன், பெஞ்சு உட்பட.

எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாகத் தொடாமல் ஒரே ஒரு அலகை மட்டும் எடுத்துக்கொண்டேன்: மூன்று பேஸ் இண்டக்சன் மோட்டார். மாணவர்களுக்குக் கைப்பழக்கம் உள்ள பொருள், எனக்கும் பிடித்த பாடம். இங்கே தோற்றால் வேறு எங்கும் ஜெயிக்கப்போவதில்லை என்ற கணக்கு.

முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான், கத்தரிக்கோல். ஐம்பது நிமிடத்தை ஐந்து ஐந்து நிமிடமாக நறுக்கி, பத்துத் துண்டுக்கும் பெயர் வைத்து, மூடுல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஏற்றினேன். ஒரு சாயங்கால வேலை. மறுநாள் பழைய மாணவர் ஒருவரிடம் ஆறாவது துண்டை மட்டும் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "புரியுதுங்க சார், ஆனா எதப் பத்திப் பேசறீங்கன்னு தெரியல" என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

திரும்ப வீடியோவைப் போட்டு, கையில் பேனாவோடு கேட்டேன். "நேத்து பாத்தோமே", "மேல இருக்கற படத்துல", "இத அப்புறம் பாக்கலாம்", "நான் சொன்ன மாதிரி", "அந்த இன்னொரு பார்முலா"... ஒரே வீடியோவில் 31 இடம். வகுப்பில் இந்த வார்த்தைகள் நல்லவை, பாடத்தைக் கோத்துக்கொண்டு போகிற நூலே அவைதான். ஆனால் துண்டு போட்ட பிறகு ஒவ்வொன்றும் அறுந்த நூல் முனையாகத் தொங்குகிறது.

சரி, அப்படியானால் எல்லாக் கோர்வையையும் எடுத்துவிடலாம் என்று எதிர்ப்பக்கம் ஓடினேன். எங்கும் பொருந்துகிற மாதிரி, முன்பின் இல்லாத சுத்தமான துண்டுகள். "ஸ்லிப் என்பது ஒத்தியங்கு வேகத்துக்கும் ரோட்டர் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒத்தியங்கு வேகத்தால் வகுக்கக் கிடைப்பது." (ஒத்தியங்கு வேகம் என்பது மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழலும் வேகம், ரோட்டர் உள்ளே சுற்றும் பாகம்.) சரிதான். அகராதி போல இருந்தது, அகராதி அளவுக்கே சுவையாகவும் இருந்தது. டேவிட் வைலி என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதை மறுபயன்பாட்டு முரண் என்று குறிப்பிட்டிருக்கிறார்: ஒரு பாடத்துண்டில் சூழல் கூடக்கூட அது கற்பிக்க உதவும், ஆனால் வேறு இடத்தில் பொருந்தாது, சூழலை உருவ உருவ எங்கும் பொருந்தும், ஆனால் எதையும் கற்பிக்காது. படித்தபோது தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன். இரண்டு வாரம் வீணான பிறகுதான் உறைத்தது.

வழி கிடைத்தது மோட்டாரிலிருந்தே. ஒரு மோட்டாரைப் பிரிக்கும்போது ரம்பம் போட்டு ஐந்து சம துண்டாக அறுப்பதில்லை, போல்ட் இருக்கும் இடத்தில் கழற்றுகிறோம். மின்விசிறி மூடி, பக்க மூடி, பேரிங், ரோட்டர், ஸ்டேட்டர். பாடத்திலும் போல்ட் எங்கே என்று தேடினேன். எனக்குப் பிடிபட்டது இது: மாறாதது ஒன்று இருக்கிறது, ஆளுக்கு ஆள் மாறுவது ஒன்று இருக்கிறது, பேட்ச்சுக்கு பேட்ச் மாறுவது ஒன்று இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் 4 துருவ மோட்டாரின் சுழல் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று என்பது மாறாது. அதைப் பம்பைக் காட்டிச் சொல்வதா லேத்தைக் காட்டிச் சொல்வதா என்பது ஆளைப் பொறுத்தது. எதற்கு அடுத்து எது என்பது அந்த வருட பேட்ச்சைப் பொறுத்தது. ரீவைண்டிங் கடைக்காரர்கள் அதிகம் என்றால் வைண்டிங்கில் தொடங்கலாம், மெயின்டனன்ஸ் ஆட்கள் அதிகம் என்றால் ஸ்டார்டரில் தொடங்கலாம்.

பழைய வீடியோவில் இந்த மூன்றும் ஒரே குழம்பாக இருந்தன. இப்போது மூன்று தனித்தனி வகைப் பக்கம். மாறாதவை 11 துண்டுகள், ஒவ்வொன்றும் தனக்குத் தேவையானதைத் தானே வைத்திருக்கும். "மேலே உள்ள படம்" கிடையாது, படம் அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கும். சூழல் பக்கங்கள் தனி: பம்புக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று, ரீவைண்டிங்குக்கு ஒன்று. அப்புறம் இணைப்புப் பக்கம், "நேத்து பாத்தோமே" எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அது. அரைப் பக்கம்தான் இருக்கும்: இதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் எங்கே போக வேண்டும், இதை ஏன் இப்போது பார்க்கிறோம். அடுத்த பேட்ச்சுக்கு வரிசை மாறினால் இணைப்புப் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதினால் போதும். எழுத அரை மணி நேரம், வீடியோவைத் தொடவே வேண்டாம்.

துண்டு எவ்வளவு நீளம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அளவு தெரியாது. ஸ்லிப் நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஸ்டார்-டெல்டா, அதாவது மோட்டாரின் சுருள்களை ஸ்டார் என்ற இணைப்பில் தொடங்கி டெல்டா என்ற இணைப்புக்கு மாற்றுகிற முறை, பதினோரு நிமிடம் ஆனது, அதை இரண்டாக்கிப் பார்த்தேன், ஆகவில்லை. ஸ்டாரில் தொடங்கும்போது லைனில் இழுக்கும் கரண்ட் டெல்டாவில் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் தொடக்க முறுக்குவிசையும் அதே மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. இந்த லாபத்தையும் நட்டத்தையும் ஒரே மூச்சில் சொல்லாவிட்டால், முதல் துண்டை மட்டும் பார்த்தவர் ஸ்டார்-டெல்டா ஏதோ இலவசம் என்று நினைத்துக்கொள்வார். போல்ட் இல்லாத இடத்தில் கழற்றக் கூடாது.

இனி கொஞ்சம் கருவிப் பேச்சு, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

எழுத்தை எல்லாம் ஒரே மூலத்தில் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். வேர்டு கோப்பு இல்லை, மார்க்டவுன் என்கிற வெறும் எழுத்துக் கோப்பு. அதிலிருந்து பேண்டாக் என்ற நிரலைக் கொண்டு வலைப்பக்கம், அச்சுக்கான பிடிஎஃப், போனில் படிக்க ஈபப், ஸ்லைடு என்று நான்கும் எடுத்துக்கொள்ளலாம். (பேண்டாக்கை எழுதியவர் ஜான் மேக்ஃபார்லேன், கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர். நம் கல்லூரிகளில் யார் எந்தத் துறை என்று பார்த்தே வேலை கொடுக்கும் பழக்கத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.) தமிழ் பிடிஎஃப் எடுக்கும்போது முதல் தடவை பிடிஎஃப்பே வராமல் பிழைச் செய்திதான் வந்தது. பேண்டாக் பிடிஎஃப் எடுக்கப் பின்னால் ஓடவிடும் பழைய லேடெக் இயந்திரத்துக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. அதன் புதிய வகையான ஸீலேடெக்குக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதும் சரியானது. ஒரு ராத்திரி போச்சு.

பாமினி நோட்ஸ்தான் பெரிய தொல்லை. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. தேடினால் கிடைக்காது, நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் குப்பை. அதோடு பாமினியில் ஒற்றைக்கொம்பைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், மெய்க்கு முன்னாலேயே தட்டியிருப்போம். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். மாற்றிகள் பெரும்பாலும் சரியாகச் செய்கின்றன, ஆனால் நடுவே உண்மையிலேயே ஆங்கிலத்தில் இருந்த குறியீடுகளையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டன. வோல்ட்டும் ஆம்பியரும் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் என்னென்னவோ உயிர்மெய்கள். வரி வரியாகத்தான் திருத்தினேன்.

இந்த வேலை ஏன் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார், "பிடிஎஃப்தான் படிக்க வருதே". படிக்க வருகிறது, பெரிய திரையில். ஆறு அங்குல போனில் ஏ4 பக்கத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்து ஒரு வரி படிப்பதற்குள் பஸ் காந்திபுரம் வந்துவிடும். யூனிகோடாக மாற்றிய பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒரு மாணவர் பாடத்தைப் படிக்கவே இல்லை, போனின் வாசித்துக்காட்டும் வசதியைப் போட்டு வண்டியில் போகும்போது கேட்கிறார். அவர் சொல்லித்தான் தெரிந்தது, சூத்திரங்களை நான் படமாக வைத்திருந்ததால் அந்த இடத்தில் போன் மௌனமாகத் தாண்டிப் போகிறது என்று. இப்போது ஒவ்வொரு சூத்திரத்துக்குக் கீழேயும் வார்த்தையிலும் ஒரு வரி இருக்கிறது: "120 பெருக்கல் அதிர்வெண், அதைத் துருவங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்." காதால் கேட்கிறவருக்காக எழுதியது, கண்ணால் படிக்கிற பாதிப் பேர் அந்த வரியைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

ஒலிப்பதிவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மே மாதத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு, கதவிடுக்கில் போர்வையைத் திணித்துக்கொண்டு பேசினேன், அவ்வளவுதான். வீடியோவோடு கூடவே வெறும் ஒலியாகவும் ஒரு கோப்பு வைத்தேன், 32 கிலோபிட், ஒற்றைத் தடம். ஏழு நிமிடப் பேச்சு 1.7 எம்பிக்குள் அடங்கியது. டேட்டா தீர்ந்த மாதக் கடைசியில் இதுதான் ஓடுகிறது. வசனத்தைத் தானே எழுதும் வசதியை நம்பி ஒரு துண்டை அப்படியே விட்டேன், "ரோட்டர் சுற்றுகிறது" என்று நான் சொன்ன இடமெல்லாம் "ரோட்டோரம் சுற்றுகிறது" என்று வந்திருந்தது. வகுப்பில் இன்னும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வடிவம் வைப்பது "பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர்" என்று ஆட்களைப் பிரித்து ஆளுக்கொரு பாடம் கொடுப்பதற்காக இல்லை. பயிற்சி முகாம்களில் இதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். 2008-லேயே ஹரால்ட் பாஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் அதுவரையிலான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிக்கப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். என் மாணவர் பஸ்ஸில் கேட்கிறார், கடையில் படம் பார்க்கிறார், பரீட்சைக்கு முன் தாளில் படிக்கிறார். மூன்றும் ஒரே ஆள்தான், இடம்தான் வேறு.

கேள்விகளுக்கு வருகிறேன். மூடுலில் கணக்கீட்டு வினா என்று ஒரு வகை உண்டு. எண்ணுக்குப் பதில் ஒரு மாறியை வைத்து, அதன் வீச்சைச் சொல்லிவிட்டால், ஆளுக்கொரு எண்ணோடு கேள்வி வரும். பார்த்து எழுத முடியாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். துருவங்களின் எண்ணிக்கை 2 முதல் 8 வரை என்று கொடுத்தேன். முதல் நாளே ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்: "ஒரு 3 துருவ இண்டக்சன் மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் யாது?" கூடவே, "சார், இந்த மோட்டார் எங்க கெடைக்குது? எங்க ஓனர் ஒண்ணு கேக்கறார்." வடக்கும் தெற்கும் ஜோடியாகத்தான் வரும், ஒற்றைப்படைத் துருவம் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. எனக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. மாறியைத் துருவ ஜோடி என்று மாற்றி, 1 முதல் 4 வரை வைத்து, கேள்வியில் அதை இரண்டால் பெருக்கிக் காட்டச் செய்ததும் சரியானது.

இதைவிடப் பெரிய தப்பு காலக்கெடுவில் செய்தது. வளைந்து கொடுக்கிற பாடம் என்றால் கெடுவே வேண்டாம், எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் என்று எல்லாப் பூட்டையும் கழற்றிவிட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பதிவுகளைப் பார்த்தால், முக்கால்வாசிப் பேர் முதல் துண்டைத் திறந்ததோடு சரி. கோபம்தான் வந்தது. கேட்டதற்கு ஒருவர், "கெடு இருக்கற வேலையத்தானுங்க மொதல்ல பாக்க முடியும், உங்களுது எப்பவும் இருக்கும்ல" என்றார். அவர் வீட்டில் இ.எம்.ஐக்குக் கெடு, கம்பெனியில் டெஸ்பாட்ச்சுக்குக் கெடு, என் பாடத்துக்கு மட்டும் இல்லை. நியாயம்தான். ஷிப்ட் இரண்டு வாரத்தில் ஒரு சுற்று வருவதால், கெடுவையும் இரண்டு வார ஜன்னலாக வைத்தேன். ஜன்னலுக்குள் எந்தத் துண்டையும் எந்த வரிசையிலும் பார்க்கலாம், ஆனால் ஜன்னல் மூடுவதற்குள் அந்தச் சின்ன வினாத்தாளைப் போட வேண்டும். தவறினால் ஒரு தடவை காரணம் கேட்காமல் நீட்டிப்பு. "ஏன் வரல" என்று விசாரிப்பதை நிறுத்தியதே எனக்குப் பெரிய நிம்மதி.

நல்லதும் ஒன்று நடந்தது. ரீவைண்டிங் கடை மாணவர் ஒருவர், கருகிய வைண்டிங் படம் இரண்டை அனுப்பினார். ஒன்றில் மூன்றில் இரண்டு பேஸ் சுருள்கள் கருகி, ஒன்று மட்டும் புதுசு போல மின்னுகிறது. இன்னொன்றில் நேர் எதிர், ஒரு பேஸ் மட்டும் கருகியிருக்கிறது. இரண்டுமே ஒரு லைன் போய், மிச்ச இரண்டில் ஓடிக் கெட்டவை. முதலாவது ஸ்டார் இணைப்பு, இரண்டாவது டெல்டா. பாடப்புத்தகம் இரண்டு பத்தியில் சொல்வதை அந்தப் படங்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுகின்றன. அனுமதி கேட்டு, கடைப் பெயர் தெரியும் மூலையை வெட்டிவிட்டு, ரீவைண்டிங் சூழல் பக்கத்தின் முதலில் வைத்தேன். பழைய வீடியோவாக இருந்தால் இதை எங்கே செருகியிருப்பேன்? ஐம்பது நிமிடத்தையும் மறுபடி எடுத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்தேன், பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று. பிடிஎஃப்பை மட்டும் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்பது பூட்டிய வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பது போல, அதனால் மூலக் கோப்புகளையும் படங்களையும் சேர்த்தே கொடுத்தேன். ஒரு ஐடிஐயில் இருக்கும் நண்பர் எடுத்துக்கொண்டு போய், ஸ்லிப் கணக்கில் என் 4 துருவ மோட்டாரின் வேகமாக நான் வைத்திருந்த 1440-ஐத் தூக்கிவிட்டு, அவர் மாணவர்கள் தினம் பார்க்கும் 2 துருவ பம்பு மோட்டாரின் 2880-ஐ வைத்தார். இரண்டுக்கும் ஸ்லிப் 4 சதவீதம்தான், கணக்கு அப்படியே நின்றது. மூன்றாம் நாள் போன் செய்தார்.

"சார், உங்க டெர்மினல் பாக்ஸ் படப்படி டெல்டா போட்டா மோட்டார் சும்மா படுத்துக் கெடக்குமே, பாத்தீங்களா?"

பார்த்தேன். மோட்டாரின் இணைப்புப் பெட்டியில் மேல் வரிசை யு1, வி1, டபிள்யு1. கீழ் வரிசை அதே ஒழுங்கில் வராது, டபிள்யு2, யு2, வி2 என்று ஓரிடம் தள்ளி வரும். அப்படித் தள்ளி வைத்திருப்பதால்தான் மேலும் கீழுமாக மூன்று தகடு போட்டாலே டெல்டா கிடைக்கிறது. நான் படம் வரைந்தபோது அழகுக்கு ஆசைப்பட்டு யு1-க்குக் கீழே யு2, வி1-க்குக் கீழே வி2 என்று எழுதிவிட்டேன். அந்தப் படப்படி தகடு போட்டால் ஒவ்வொரு சுருளின் இரண்டு முனையும் ஒரே லைனில் சேரும், சுருளில் கரண்டே ஓடாது, உறுமல்கூடக் கேட்காது. இருபது வருடமாகப் பாடம் எடுப்பவன் செய்த தப்பு இது.

படம் ஒரே இடத்தில் இருந்ததால் திருத்துவது எளிதாக இருந்தது. மூன்று எழுத்தை மாற்றி, பேண்டாக்கை ஓடவிட்டேன், வலைப்பக்கம், ஈபப், ஸ்லைடு, பிடிஎஃப் எல்லாம் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டன. அப்புறம்தான் நினைவு வந்தது, அந்தக் கருகிய வைண்டிங் படம் அனுப்பிய மாணவர் இந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னது. சனிக்கிழமை சாயங்காலம் புதுத் தாளை எடுத்துக்கொண்டு கணபதி பக்கம் இருக்கிற அந்தக் கடைக்குப் போனேன். சுவரில் தாள் இருந்தது. கீழ் வரிசை மூன்று எழுத்தும் நீல மார்க்கரால் அடிக்கப்பட்டு, சரியான வரிசை பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒட்டிய அன்றே கடைக்காரர் திருத்திவிட்டாராம், இரண்டு மாதத்துக்கு முன்னால்.

"ஏங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எங்க சொல்றதுன்னு தெரியலீங் சார். தாள்ல ஒண்ணும் போடலயே."

டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தப் பதிப்பின் தேதியும், தப்பு கண்டால் சொல்ல ஒரு வாட்ஸாப் எண்ணும் அச்சாகிறது. மின்மாற்றி அலகு இன்னும் பழைய ஐம்பது நிமிட வீடியோவாகத்தான் கிடக்கிறது, டிசம்பர் லீவில் அதைக் கழற்ற வேண்டும்.